காலிக் கட்டிலுக்கு ஒரு நர்ஸ்

நோயாளி மாதிரி ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தால் சம்பளம் உண்டு என்று எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கண்டாக்கு ஐயா சொன்னார். நான் நம்பவில்லை. ஆனாலும் போய்ப் படுத்தேன். பரீட்சை எங்கள் லயத்தில் பக்கத்து வீட்டுப் பூரணிக்கு. நர்ஸ் படிக்கிற பிள்ளையிடம் வார்டை ஒப்படைத்து, எந்தக் கட்டிலுக்கு எந்த நர்ஸை அனுப்புகிறாள் என்று பார்ப்பார்களாம். தவறினால் அவளுக்கு மறுபடி கொழுந்துக் கூடைதான்.

எனக்குக் காய்ச்சல் என்றார்கள். நான் முனகினேன்.

"கத்தாதீங்க தாத்தா, உங்களுக்குக் காய்ச்சல்தான், புள்ளப்பேறு இல்ல," என்றாள் பூரணி. கெட்டிக்காரி. எல்லோரையும் சரியாகத்தான் அனுப்பினாள். கடைசியில், என் பக்கத்திலிருந்த காலிக் கட்டிலுக்கு ஜெயமலர் என்ற, கூடப் படிக்கிற யாழ்ப்பாணத்துப் பிள்ளையை அனுப்பினாள். அவளும் போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

பரீட்சை வைத்த செல்வமலர் சிஸ்டர் முகம் சுளித்தார். "வெறுங்கட்டிலுக்கு ஏன் பிள்ளை ஒரு ஆள்?"

"அந்த அம்மாவுக்குத்தாங்க ரொம்ப முடியல. தனியா விட்டா பயப்படுறாங்க."

போச்சு, பிள்ளை தோற்றுவிட்டாள் என்று நினைத்தேன். கட்டிலில் ஒருவரும் இல்லை. இருந்தாலும், "ஆள் இருக்குதுங்க," என்று பொய் சொன்னேன்.

சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "விளையாடினது காணும். ஜெயமலர், நீர் எழும்பும்."

"எழும்பேலாது சிஸ்டர். அம்மா என்ர கையை விடுறா இல்லை."

சிஸ்டர் கட்டிலருகே போனார். நழுவிக் கிடந்த போர்வையை மேலே இழுத்துவிட்டார். பிறகு பூரணியிடம் திரும்பி, மெதுவான குரலில் கேட்டார்:

"இரவுக்கு ஆரை விடப்போறீர்?"