சத்தம் கேட்கும் வீடு

"அழகான வீடுதான் அண்ணே. ஆனா ரொம்ப அமைதியா இருக்கு. வேற பார்க்கலாம்."

கதவைப் பூட்டப்போன வீட்டு புரோக்கர் ஹமாதி, சாவியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். இருபது வருடமாக துனிஸ் நகரத்தின் தெற்குப் புறநகரில் வீடு பார்த்துக் கொடுக்கிறார். சத்தம் தாங்கவில்லை என்று வீட்டை வேண்டாமென்றவர்கள் எத்தனையோ பேர். அமைதியாக இருக்கிறது என்று வேண்டாமென்ற முதல் ஆள் இந்த ரவ்தா டீச்சர்தான்.

ஸ்ஃபாக்ஸ் நகரத்திலிருந்து காலை ரயிலில் வந்திருந்தாள். கணக்கு டீச்சர். இந்தப் புறநகரில், எஸ்ஸஹ்ராவில் இருக்கும் உயர்நிலைப் பள்ளிக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருந்தாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. இன்று வெள்ளி. வீட்டை முடித்துவிட்டு, சாயங்கால ரயிலில் திரும்பிப் போய், அக்கா வீட்டில் கிடக்கும் பெட்டிகளை எடுத்துவர வேண்டும்.

"டீச்சர், சுத்திலும் தோட்டம், எலுமிச்சை மரம், பக்கத்துல ஒரு ஈ காக்கா கிடையாது. நோட்டு திருத்துறவங்களுக்கு இதைவிட என்ன வேணும்?"

"பக்கத்துல யாருமே இல்லை. அதுதான் அண்ணே வேண்டாம்."

'சரி, தனியாக இருக்கப் பயப்படுகிறாள்' என்று ஹமாதி நினைத்துக்கொண்டார். அடுத்ததாக ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே புதிதாகக் கட்டிய குடியிருப்புக்குக் கூட்டிப்போனார். மூன்றாவது மாடி. அந்தத் தளத்தில் மட்டும் நான்கு குடும்பங்கள்.

வீட்டுக்காரர் பெருமையாகச் சுவரைத் தட்டிக் காட்டினார். "ரெட்டைச் செங்கல்மா. உள்ளே கல்யாண மேளமே அடிச்சாலும் வெளியே ஒரு பொட்டுச் சத்தம் போகாது. கதவைச் சாத்திட்டா நீயாச்சு, உன் வீடாச்சு!"

ரவ்தா சமையலறையைப் பார்க்கவில்லை. குளியலறையைப் பார்க்கவில்லை. வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வேண்டாம் அண்ணே."

தெருவுக்கு வந்ததும் ஹமாதி பொறுமை இழந்தார். "சத்தம்தான் வேணும்னா ஒரு ரேடியோ வாங்கி வச்சுக்கோங்க டீச்சர்! அதுக்காக நல்ல வீட்டையெல்லாம் தள்ளுவாங்களா?"

"ரேடியோ பேசுறது எனக்குக் கேட்கும். நான் பேசுறது ரேடியோவுக்குக் கேட்காதே அண்ணே" என்று சிரித்தாள் ரவ்தா.

மிச்சமிருந்தது ஒரே ஒரு வீடு. கூட்டிப்போகவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஒரு பெரிய பழைய வீட்டை இரண்டாகப் பிரித்து, நடுவில் பலகை அடித்து, மேலே சுண்ணாம்பு பூசி வைத்திருந்தார்கள்.

"மறைக்க மாட்டேன் டீச்சர். இந்தச் சுவர் பேருக்குத்தான் சுவர். போன வருஷம் குடியிருந்த பேங்க்காரர் நாலே மாசத்துல ஓடிட்டார்."

உள்ளே நுழையும்போதே அந்தப் பக்கத்திலிருந்து எண்ணெய் பொரியும் சத்தம். கூடவே கணவனைத் திட்டும் ஒரு பெண்ணின் குரல். "யோவ் முன்ஸிஃப்! ஹரிஸ்ஸா மிளகாய் விழுது வாங்கிட்டு வான்னா தக்காளி விழுது வாங்கிட்டு வந்திருக்கியே, உன் கண்ணை எங்கய்யா அடகு வச்சே?"

ஹமாதி தலையில் கை வைத்துக்கொண்டார். ரவ்தாவோ படுக்கையறைக்குள் போய், அந்தச் சுவரையே பார்த்தபடி நின்றாள். பிறகு சாதாரணமாகப் பேசும் குரலில், "யாராவது இருக்கீங்களா?" என்றாள்.

பொரியும் சத்தம் நின்றது. "இருக்கேன்! யாரும்மா அது? என்ன வேணும்?"

அடுத்த நிமிடமே அந்தப் பெண், கையில் கரண்டியோடு இந்தப் பக்கம் வந்து நின்றாள். சலூஹா என்று பெயர். ஐம்பது வயதிருக்கும்.

"நான் இருமினா அங்கே கேட்குமாக்கா?" என்றாள் ரவ்தா.

"இருமினாவா? நீ கொட்டாவி விட்டாலே நான் எந்திரிச்சு உட்கார்ந்துடுவேன். தூக்கம் எனக்கு அவ்வளவுதான். தனியாவா வர்றே? கல்யாணம்?"

"ஆச்சு. போன மாசம் கோர்ட்ல முடிஞ்சும் போச்சு."

"முட்டை வச்சு மடிச்ச பிரிக் பொரிச்சுக்கிட்டிருக்கேன். சூடா ரெண்டு கொண்டு வர்றேன், சாப்பிட்டுட்டுப் போ" என்று சலூஹா திரும்பி நடந்தாள்.

"இந்த வீட்டையே முடிச்சுடுங்க அண்ணே" என்றாள் ரவ்தா.

ஹமாதிக்குச் சுருக்கென்றது. அடுத்த வீட்டு வம்பு கேட்கிற ஆளா இவள்? படித்தவள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள், இப்படியுமா? ஒப்பந்தத் தாளை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். அவள் வாசித்துப் பார்த்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். அவரால் அடக்க முடியவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். அங்கே பேசுறதைக் கேட்டு உங்களுக்கு என்ன ஆகப்போகுது?"

"அவங்க பேசுறதை நான் கேட்கறதுக்கு இல்லைண்ணே."

ரவ்தா பேனாவை மூடி அவரிடம் நீட்டினாள்.

"ஸ்ஃபாக்ஸ்ல நாங்க இருந்த வீட்டுல சுவர் ரொம்பக் கெட்டி. என் புருஷனுக்கு அது நல்ல சௌகரியமா இருந்துச்சு. ஆறு வருஷம் நான் கத்தினது, பக்கத்து வீட்டுல ஒருத்தருக்கும் கேட்கலை."