பின்பக்கம் படிச்சீங்களா?

“பின்பக்கம் படிச்சீங்களா சார்?”

சலவைக் கடைக்காரர் ரசீதைத் திருப்பி, எறும்பு ஊர்ந்தது போலிருந்த பொடி எழுத்தின் மேல் விரலை வைத்தார். ‘துணிக்கு ஏற்படும் எந்தச் சேதத்துக்கும் கடை பொறுப்பல்ல.’

மேசையில் கோட்டு குப்புறக் கிடந்தது. அதன் முதுகில் இஸ்திரிப் பெட்டி தன் உருவத்தையே கருக்கி வைத்திருந்தது.

“கோட்டை வாங்கும்போது இதை நீங்க சொல்லவே இல்லையே?” என்றார் கோட்டுக்காரர்.

“அதான் அச்சடிச்சிருக்கே! ரசீதை வாங்கினாலே ஒத்துக்கிட்டதா அர்த்தம்.”

வாய்தான் அப்படிப் பேசியது, உள்ளே உதறல். இந்த மாதிரி வரியெல்லாம் கோர்ட்டில் நிற்காது என்று யாரோ சொன்னது அவர் காதிலேயே இருந்தது. டெலிவரிக்கு வாங்கிய புது வேனின் கடனே கழுத்தை நெரிக்கிறது. இதில் கோட்டுக்கு வேறு அழ வேண்டுமா?

“அப்போ, யாரு அச்சடிச்சாலும் அது செல்லும்ங்கறீங்க?”

கேள்வியே சரியில்லையே! ஆள் வக்கீலோ? சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்க்கும் போனில் எல்லாம் பதிவாகிறதோ?

“யாரா இருந்தா என்ன? படிக்காதது வாங்கினவங்க தப்பு!”

“இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுப்பீங்களா?”

கல்லாவில் இருந்த மனைவி அவர் காதைக் கடித்தாள். “வேண்டாங்க. இந்த ஆளு ஏதோ பொடி வெச்சுப் பேசறாரு.”

அவருக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் மறுத்தால் பயந்துவிட்டதாக ஆகிவிடும். கோட்டுச் சனியன் இத்தோடு தொலையட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

கோட்டுக்காரர் கோபப்படவில்லை. சலவைக் கூலியைக்கூடக் குறைக்காமல் கொடுத்தார். அதுதான் கடைக்காரருக்கு இடித்தது.

“சார்... நீங்க என்ன பண்றீங்க?”

“தெருமுனையில கட்டண பார்க்கிங் வெச்சிருக்கேன். காலையில சுவர் இடிஞ்சு, உங்க கடை பேர் போட்ட வேன் மேல விழுந்துடுச்சு. ஆன செலவை நானே குடுத்துடறேன்னு சொல்லிட்டு, அப்படியே கோட்டையும் வாங்கிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.”

கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு அவர் படியிறங்கினார்.

“வேனுக்கு டோக்கன் குடுத்திருப்பாங்களே, பின்பக்கம் படிச்சீங்களா சார்?”