மாவுப் பாத்திரமும் நிலா லாரியும்

கோத்தகிரியில், தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே நிலாவில் லாரி ஓட்டுவது மாதேசனின் வேலை. ஆனால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் நெட் விட்டுவிட்டு அறுந்தது. அங்கே லாரி பாதிவழியில் நின்றது. கேபிளை மாற்றிப் பார்த்தான், ரவுட்டரை அணைத்துப் போட்டான். பலனில்லை. இன்னொரு முறை நின்றால் வண்டியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக மேலதிகாரி பிரமிளா எச்சரித்திருந்தார்.

இன்று காலை லாரி ஒரு பெரும் பள்ளத்தின் விளிம்பில் நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து அவன் மனைவி சுகுணா, ரவுட்டரை ஒட்டி வைத்திருந்த எவர்சில்வர் பாத்திரத்தைத் தூக்கினாள். லாரி உடனே நகர்ந்தது. அதைப் பத்திரமாகப் பின்னுக்கு எடுத்தான்.

"சுகுணா, அதை மறுபடி அங்கயே வை!"

வைத்தாள், நின்றது. எடுத்தாள், ஓடியது.

"இட்லி மாவுங்க. இந்தக் குளிருக்கு ரவுட்டர் சூட்டுலதான் நல்லாப் பொங்குது."

மாதேசன் விழுந்து விழுந்து சிரித்தான். அதற்குள் கொடைக்கானலிலிருந்து பிரமிளா அழைத்துக் காரணம் கேட்டார். பொய் சொல்ல வாய் வராமல் நடந்ததை அப்படியே சொன்னான். வேலை போயிற்று என்றே நினைத்தான்.

"மாதேசன்," பிரமிளாவின் குரல் தணிந்தது. "அது எந்த ரவுட்டர்? எங்க வீட்டுல மாவு மூணு நாளானாலும் பொங்க மாட்டேங்குது."