ஒன்பது அங்குலச் சுவர்

செலவுப் பட்டியலில் செங்கல் கணக்கு உதைத்தது.

பதினோரு வருடமாக டைல்ஸ் கடை நடத்துகிறேன். எத்தனையோ வீட்டு வரைபடங்களைப் பார்த்தாயிற்று. அண்ணன் குடும்பமும் என் குடும்பமும் சேர்ந்து இருக்கப்போகிற இந்த வீட்டுக்கு இவ்வளவு செங்கல் தேவையே இல்லை.

முதலில் இன்ஜினியர் மேல்தான் சந்தேகம் வந்தது. சூளைக்காரரோடு ஏதோ உள்கை இருக்கிறது என்று நினைத்தேன்.

என்னைச் சந்தேகப் பிராணி என்பார்கள். ஏமாறாமல் இருப்பவனுக்கு உலகம் வைத்திருக்கிற பெயர் அது.

இன்ஜினியரின் மேஜையில் வரைபடத்தை விரித்து, அளவுகோல் வைத்து, ஒவ்வொரு சுவராக அளந்தேன். வெளிச்சுவர் ஒன்பது அங்குலம், சரி. அறைகளுக்கு நடுவே நாலரை அங்குலம், அதுவும் சரி.

வீட்டின் நடுவே வாசலிலிருந்து கொல்லைவரை நேராக ஓடிய ஒரு சுவர் மட்டும் ஒன்பது அங்குலம்.

தூண் நிறுத்திக் கட்டுகிற வீடு இது. உள்சுவர் எந்தப் பாரத்தையும் சுமக்கப்போவதில்லை. பிறகு எதற்கு இந்தத் தடிமன்?

அந்தச் சுவரில் இரண்டு கதவுகள் இருந்தன. இரண்டையும் விரலால் மறைத்துப் பார்த்தேன்.

ஒரு வீடு இரண்டு வீடாகிவிட்டது.

அந்தப் பக்கம் சமையலறை. இந்தப் பக்கம் ஸ்டோர் ரூம் என்று எழுதியிருந்த இடத்தில் தண்ணீர்க் குழாய், கழிவு நீர்க் குழாய், மேலே ஒரு புகைபோக்கி. பருப்பு மூட்டைக்கு எதற்குப் புகைபோக்கி?

பக்கத்து நாற்காலியில் அண்ணன் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். போன வாரம் என்னிடம் சொல்லாமல் இங்கே வந்து போயிருக்கிறார். இன்ஜினியர் வாய்தவறி உளறியதில்தான் எனக்கே தெரிந்தது.

எங்கள் மனைவிகள் இருவரும் எலியும் பூனையுமாக இருந்தாலாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஓரகத்திகள் என்று யாரும் நம்பமாட்டார்கள், அப்படி நகமும் சதையுமாக இருப்பவர்கள். ஆக, இது அண்ணன் வேலைதான்.

எனக்கு நாற்பத்திரண்டு வயதாகிறது. அண்ணன் இல்லாத வீட்டில் ஒரு நாள்கூட நான் இருந்ததில்லை. பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

“பிரிஞ்சு போகணும்னா நேரா சொல்லியிருக்கலாமே அண்ணா, முதுகுக்குப் பின்னாடி எதுக்கு இந்த வேலை?”

அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். இந்தச் சுவரை நான்தான் கேட்டு வாங்கியிருப்பேன் என்று அவர் நினைத்தாராம். போன வாரம் தனியாக வந்ததே அதைத் துப்புத் துலக்கத்தானாம். இன்ஜினியர் கடைசிவரை வாயைத் திறக்கவில்லையாம்.

திருடனே திருடன் திருடன் என்று கத்துகிறான் என்றார். யார் திருடன் என்று கேட்டேன். அதற்குப் பிறகு சுவரை விட்டுவிட்டோம். என் கல்யாணத்தில் நான் தன்னை மதிக்கவில்லை என்றார் அவர். பள்ளிக்கூடத்து சைக்கிளை அவர் எனக்குத் தராததை நான் இழுத்தேன். வெளி அறையில் வரைந்துகொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இன்ஜினியர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். சொல்லக் கூடாது என்று தன்னிடம் சத்தியம் வாங்கியிருப்பதாகத் தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

“வீட்டம்மாங்க ரெண்டு பேரும் சேர்ந்து வந்துதான் சார் இந்தச் சுவரைப் போடச் சொன்னாங்க. ‘இந்த அண்ணன் தம்பிக்கு என்னைக்கு இருந்தாலும் முட்டிக்கும், அன்னைக்கு யாரும் வேற வீடு பார்த்துப் போயிடாம, நாங்க ரெண்டு பேரும் பிரியாம இருக்கணும்’னாங்க.”