நாய்க்குச் சோறு வைத்தவருக்கும் நன்றி

மைக்கைப் பிடித்த அண்ணன் விடுவதாக இல்லை.

உயிரோடு திருப்பித் தந்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்தான். ஆபரேஷன் செய்த டாக்டருக்கு நன்றி. ஆம்புலன்ஸ் டிரைவருக்கு நன்றி. உபவாசமிருந்து ஜெபித்த போதகருக்கும் சபையாருக்கும் நன்றி. முகம் சுளிக்காமல் லீவு கொடுத்த மேனேஜருக்கும் நன்றி.

ஹால் நிறைய வாடகை நாற்காலிகள். ஒவ்வொரு நன்றிக்கும் ஒரு ‘ஆமென்’.

சமையலறை வாசலில் டீத் தட்டோடு நின்ற தங்கை ஒவ்வொரு பெயரையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். தன் பெயர் வரும் என்று இன்னும் நம்பினாள்.

முப்பதைத் தாண்டியும் வீட்டுக்கு அவள் பாப்பாதான். தெருவுக்குத் தையல்கார அக்கா. முன்வரிசையில் அவளைப் பார்க்க வந்த மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். நிச்சயம் முடிகிறவரைக்கும் எதையும் உளறி வைக்காதே என்று அம்மா காலையிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

வந்தவர்களுக்கு நாற்காலி போடப் போனபோதும் ஓடி வந்து தடுத்தவள் அம்மாதான்.

“நீ ஒண்ணும் தூக்காதடி. போய் அந்தப் பக்கம் நில்லு!”

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். பெண்ணைச் செல்லமாக வளர்த்திருக்கிறார்கள் என்று நினைத்திருப்பார்.

அண்ணன் சட்டையை லேசாகத் தூக்கி அடிவயிற்றுத் தழும்பைக் காட்டினான். தையல் நேராக ஓடவில்லை என்று தங்கைக்கு அங்கிருந்தே தெரிந்தது. யாரென்றே தெரியாத ஒருவருடைய சிறுநீரகத்தைக் கர்த்தர் தனக்காகத் தேடிக் கொடுத்தார் என்று சொல்லும்போது அவனுக்குக் கண்ணீர் வழிந்தது. கூட்டமே கண்ணைத் துடைத்தது.

தங்கை துடைக்கவில்லை. அண்ணனுடைய கண்ணீர் நிஜம் என்பது அவளுக்குத் தெரியும். அதனால்தான் கூடுதலாக எரிந்தது.

கடைசியாக, குடும்பமே ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வீட்டு நாய்க்குச் சோறு வைத்த எதிர்வீட்டுக்காரருக்கு நன்றி. நாயின் பெயரைக்கூட மறக்காமல் சொன்னான்.

ஆமென்.

அவ்வளவுதான். நன்றியெல்லாம் முடிந்துவிட்டது. அண்ணன் மைக்கைப் போதகரிடம் நீட்டினான்.

தங்கை டீத் தட்டைக் கீழே வைத்தாள். அம்மா கண்ணாலேயே மிரட்டினாள். பார்க்காதவள்போல நடந்துபோய் மைக்கை வாங்கினாள். வாங்கினாள் என்ன, பிடுங்கினாள்.

மாப்பிள்ளையின் அம்மாவை நேருக்கு நேர் பார்த்தாள். போனால் போகட்டும். ஆண்டவருக்குச் சொல்லும் நன்றியிலேயே பொய்யைக் கலந்துதான் ஒரு கல்யாணம் நடக்குமென்றால், அது நடக்கவே வேண்டாம்.

“நானும் ஆண்டவருக்கு நன்றி சொல்லணும். எனக்கு ரெண்டு குடுத்திருந்தாரு. இப்ப என்கிட்ட ஒண்ணு இருக்கு, அண்ணன்கிட்ட ஒண்ணு இருக்கு. ரெண்டுக்கும் ஸ்தோத்திரம்.”

பழக்கதோஷத்தில் ஹாலே ‘ஆமென்’ என்றது. சொன்ன பிறகுதான் யோசித்தது.

அண்ணனின் கை தானாக அடிவயிற்றுக்குப் போனது.

அவள் ஓரத்தில் கிடந்த ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து, அண்ணனுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

இந்த முறை அம்மா தடுக்கவில்லை.