சுடர் பிடித்த கை

எடித்தின் கிளினிக் கொப்பியில் டொக்டர் ஆங்கிலத்தில் எழுதியிருந்த சொல்லை டிலோஜினி ரீச்சர் இரண்டு தரம் வாசித்தாள்.

"ட்ரெமர். நடுக்கம் எண்டு கருத்து, அக்கா. லத்தீனில இருந்து வந்த சொல். அந்தக் காலத்துப் பூசை லத்தீன்தானே, அந்தப் பாஷை."

"பயம், பாவம், களவு, அப்பிடி ஒண்டும் அதுக்குள்ள இல்லையோ?"

"இல்லை. வெறும் நடுக்கம்தான். பிள்ளையளை ட்ரெமெண்டஸ் எண்டு புகழுறமே, அதுகும் இந்த வேரில வந்ததுதான். முந்தி அதுக்கு நடுங்க வைக்கிறது எண்டு கருத்து."

சொல்லுக்குத் தெரிந்த நியாயம் ஊருக்குத் தெரிய வேண்டாமா?

மாதாவின் கழுத்துச் சங்கிலி காணாமல் போய் மூன்று நாள். கோயில் கதவுப் பூட்டுக்குத் திறப்பு இரண்டு. ஒன்று கோயில் கூட்டுகிற எடித்திடம், மற்றது கோயில் காரியங்களைப் பார்க்கிற மூப்பர் அமிர்தநாயகத்திடம். பங்குச் சுவாமி கொழும்புக்குப் போயிருந்தார். அவர் வரும்வரை ஊருக்குப் பொறுமை இல்லை. அன்று பின்னேரமே மெழுகுதிரி பிடிக்க வேண்டும் என்று முடிவாகிவிட்டது.

ஒவ்வொருவராக மாதாவுக்கு முன்னால் மெழுகுதிரியோடு நின்று ஒரு மன்றாட்டுச் சொல்லி முடிக்க வேண்டும். யாருடைய சுடர் நடுங்குகிறதோ அவரே கள்ளன். அதோடு விசாரணை முடிந்துவிடும், பிறகு ஒருவரும் பிடிக்கத் தேவையில்லை. எட்டு வருசத்துக்கு முன்னர் வேறொரு களவுக்கு அலெக்ஸாண்டரின் சுடர் நடுங்கியது. பிறகு அவனோடு ஒருவரும் கதைக்கவில்லை. ஒரு மாதத்தில் அவனுடைய வள்ளம் மட்டும் கரைக்கு வந்தது. உண்மைக் கள்ளன் அதற்குப் பிறகுதான் பிடிபட்டான்.

கை நடுங்குகிற வருத்தத்தை ஊருக்குச் சொல்லிவிடச் சொன்னாள் ரீச்சர். எடித் தலையாட்டி மறுத்தாள். அது பரம்பரையாக வரக்கூடியது என்று டொக்டர் சொல்லியிருந்தார். மகள் மதுஷிகாவுக்குக் கலியாணம் பேசி அரைவாசியில் நிற்கிறது.

"ஒருத்தருக்கும் மூச்சு விடாதை, பிள்ளை."

பின்னேரம், காற்று வரக்கூடாதென்று கோயில் கதவு யன்னலெல்லாம் சாத்தினார்கள். கடல் இரைச்சல்கூடக் கேட்கவில்லை. சங்கிலி இல்லாத மாதாவின் கழுத்தைப் பார்க்கவே எடித்துக்குப் பயமாக இருந்தது. சேலைக்குள் மறைத்த கை ஏற்கனவே ஆடத் தொடங்கியிருந்தது.

முதலில் எடித் பிடிக்கட்டும் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

மூப்பர் குறுக்கே வந்தார். சிடுமூஞ்சி மனுசன், கூட்டும்போது ஓரிடம் தவறினாலும் எடித்தைத் திட்டாமல் விடமாட்டார்.

"நான் மூப்பர். நான்தான் முதல்."

மெழுகுதிரியைக் கொளுத்தி மன்றாடத் தொடங்கினார். பாதியில் சுடர் நடுங்கியது. மெழுகு அவர் விரலில் வழிந்தது. சுவரில் மாதாவின் நிழல் தலையை ஆட்டி ஆட்டி ஓம், இவர்தான் என்பதுபோல இருந்தது. ஒரு குழந்தை வீரிட்டு அழுதது. எல்லோரும் ஓரடி பின்னுக்குப் போனார்கள்.

அமிர்தநாயகம் மெழுகுதிரியை ஊதி அணைத்தார். தன் திறப்பைப் பீடத்தில் வைத்துவிட்டு வெளியே நடந்தார். சங்கிலி எங்கே என்று கேட்டவர்களை விலக்கிக்கொண்டு போனார்.

எடித்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாய்க்குள் திட்டவும் செய்தாள், கள்ளக் கிழவன் என்று.

அடுத்த கிழமை, பீடத்து விரிப்பு வாங்க மூப்பர் வீட்டுக்குப் போனாள். அன்று முதல் ஊரில் ஒருவரும் மிதிக்காத முற்றம். உள்ளே, கண்ணில் ஒப்பரேசன் செய்து படுத்திருந்த மனைவிக்கு அவர் மருந்து விட்டுக்கொண்டிருந்தார். போத்தலை உயர்த்திப் பிடித்து ஒரு சொட்டு. பொறுத்து, அதே கண்ணில் இன்னொரு சொட்டு. ஒரு துளிகூடக் கன்னத்தில் வழியவில்லை. அந்தக் கை இம்மியும் அசையவில்லை.

எடித் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மூப்பர், அண்டைக்கு உங்கடை கை..."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"டிலோஜினி உன்ரை வருத்தத்தைச் சொன்னவள். எனக்குக் கட்டிக்குடுக்கப் பொம்பிளைப் பிள்ளை இல்லைத்தானே, எடித்."