மாமாவின் தொப்பி

“தொப்பியைக் கழட்டுங்க மாமா.”

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா அவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். புற்றுநோய்ச் சிகிச்சையில் முடி கொட்டிப்போன அவள் தம்பிக்காக மொட்டை போட்ட மனுஷர் என்று சொந்தமே மாமாவைத் தலையில் தூக்கிவைத்து ஆடியது.

“ரெண்டு மொட்டையும் சேர்ந்து போட்டோ எடுக்கணுமாம். வாசலையே பாத்துக்கிட்டுக் கிடக்கான். ஆஸ்பத்திரிக்கு ஒருதரம் வாங்களேன்.”

“அவனைப் பாத்தா தாங்கமாட்டேன்மா” என்று மாமா கண்ணைத் துடைத்தார்.

அவள் வெடுக்கென்று தொப்பியைப் பிடுங்கினாள். வழுக்கையாயிருந்த முன்மண்டை முழுக்க வரிசை வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள்.

அத்தை ஓடிவந்தாள். “தொடாதடி! டாக்டர் மொட்டையடிச்சு நட்ட முடி, உதிர்ந்துடும்!”

“அவனுக்குக் கொட்டுறப்ப உங்களுக்கு முளைக்கணுமா? தூ!”

தம்பிக்குப் பக்கத்தில் ஒரு மொட்டைதானே வேண்டும்? தொப்பியை அவர் மடியில் விட்டெறிந்துவிட்டு, தெருமுனை சலூனுக்குப் படியிறங்கினாள்.